பல்லுக்கு வேலை வைக்காத கறி

வீட்டில் சமைத்து விற்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது; அதிலும் கறி விற்பவள் என்றால், ஊர் சோம்பல் முறிக்கும் நேரத்தில் சாம்பலைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, என் பாட்டையும் கேளுங்கள்.

வேலிக் கத்தாழை

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு வந்தபோது கஞ்சிதான் இறங்கியது. கறி இல்லாமல் ஒரு ஞாயிறு கழித்தறியாத மனிதர். மெக்ஸிகோவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வீடியோவில் 'பார்பகோவா'வைக் காட்டினாள். குழி வெட்டி, நெருப்புப் போட்டு, கத்தாழை மடலில் பொதிந்த ஆட்டுக்கறியை இறக்கி மூடிவிட்டால், மறுநாள் காலைதான் திறப்பார்கள். அடியில் வைத்த பாத்திரத்தில் சாறு இறங்கியிருக்கும். பல்லுக்கு வேலையே இல்லையாம். 'பார்பெக்யூ' என்கிற சொல்லே இந்தப் பெயரிலிருந்து வந்ததுதானாம்.

ஹனூரில் என் தம்பி தோட்டத்து வேலி முழுக்க அந்தக் கத்தாழைதான். மடல்களை எங்கள் விஜயநகர் வீட்டுப் பின்பக்கம் இறக்கினான். நான் வெறுங்கையால் அறுத்து, அதன் சாறு பட்டு முழங்கை வரை தடித்து, சொறிந்துகொண்டு நின்றேன். தம்பி என்னைப் பார்த்தான், நான் வெட்டி வைத்திருந்த குழியைப் பார்த்தான். "ஆடே திங்காதுங்க்கா இதை. இதுல ஆட்டையே கட்டி வேகவெக்கப் போறீங்களா?"

மூடி

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் என்னைப் பற்றி வருஷம் தவறாமல் எழுதியது, பொறுமை இல்லை என்பதுதான். வெந்ததா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். பிறகு இன்னொரு தடவை. சூடெல்லாம் போய், காலையில் கறி செருப்புத் தோல் மாதிரி வந்தது. அவர் ஒரு துண்டை வாயில் வைத்து, வெகுநேரம் போராடி, தட்டோரத்தில் எடுத்து வைத்தார். கறிக்கடைக்காரரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் முடிக்கும்வரை காத்திருந்து, என் கணவர் உடைந்த குரலில் சொன்னார்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, எதையாவது மூடி வெச்சுட்டு நீ சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை."

மிளகாய்

அடுத்த வாரம் மூடியைச் சுற்றிச் சேறு பூசிவிட்டு, பஸ் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். பக்தியெல்லாம் இல்லை, என்னிடமிருந்து குழியைக் காப்பாற்றத்தான். காலையில் கறி நாராகப் பிரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வை என்று கையைக் காட்டினார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுக்க, அது ஆர்டராகத் திரும்பி வந்தது. அவர் ஒரு நார் எடுத்து வாயில் வைத்துத் தலையாட்டாமல் நான் எதையும் டப்பாவில் போட்டதில்லை. எதிர் வீட்டு லோகேஷ், இதில் காரமே இல்லையே, மெக்ஸிகோவில் மிளகாய் விளையாதா என்று குறைப்பட்டான். மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்துதானப்பா நமக்கு வந்தது என்றேன். யோசித்துவிட்டுக் கேட்டான்: "ஹௌதா, நிஜமாவா ஆன்ட்டி? அப்ப இருந்ததை எல்லாம் நமக்கே அனுப்பிட்டாங்களா?"

சாறு

நோய் திரும்பி வந்தது. முதலில் கறி நின்றது. பிறகு கறிச்சாறு ஒரு ஸ்பூன், அப்புறம் அதுவும் இல்லை. மூக்கு வழியாகக் குழாய். ஆனாலும் ஞாயிறு காலையில் குழியைத் திறக்கும்போது நாற்காலியைப் பக்கத்தில் போடச் சொல்லிச் சைகை காட்டுவார். ஆவி முகத்தில் அடிக்க, அப்படியே உட்கார்ந்திருப்பார்.

கழுத்தில் மஃப்ளர் சுற்றி, மாஸ்க் போட்டிருந்ததால் குழாய் வெளியே தெரியாது. டப்பா வாங்க வந்த டீச்சரம்மா ஒருத்தி, இன்றைக்குக் கறி எப்படி என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டார். டீச்சரம்மா சொன்னாள்: "குடுத்துவெச்சவர் அங்கிள் நீங்க. எங்களுக்கு மிச்சம் வெச்சீங்களே, அதுவே பெரிசு."

படையல்

காரியம் முடிந்து, அவருக்குப் பிடித்ததை இலையில் படைக்க வேண்டும். நான் வேறெதையும் யோசிக்கவில்லை. குழியைப் பற்றவைத்தேன், சேறு பூசினேன், திறக்கவில்லை. காலையில் நார் நாராகப் பிரித்து, எலும்புத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து இலையில் வைத்தேன். கொள்ளேகால் சொந்தங்கள், இது என்ன கூத்து என்று முணுமுணுத்தார்கள். தம்பி மட்டும் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "மாமாவுக்குத்தான் இனித் தொண்டை வலிக்காதேங்க்கா. எலும்போட வறுத்தே வெச்சிருக்கலாமே."

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆர்டர் இருக்கிறது, குழியும் தயார். வெந்ததா என்று சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.