மூன்று தடவை கேட்க வேண்டிய விளக்கு

டெர்வ்லா மக்மாரோ வென்றவற்றைச் சொல்வதென்றால் கல்லூரியிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்றவள். வடிவமைப்புக் கல்லூரி முதல் வருடம் அவளைத் திருப்பி அனுப்பியது. மறு வருடம், தானே செய்த ஒரு நாற்காலியை டப்ளின் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய், அதிலேயே தேர்வாளரை உட்கார வைத்து இடம் வாங்கினாள். அடுத்தது சொந்த ஊரான ட்ரம்ஷான்போவின் பழைய பால் நிலையம். கூரை ஒழுகிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தை, ஒரு குளிர்காலம்கூடத் தாங்க மாட்டாள் என்று சிரித்துக்கொண்டேதான் கூட்டுறவுக்காரர்கள் அவளிடம் விட்டார்கள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பிறகு மின்பாதுகாப்புச் சோதனை. இரண்டு முறை தோற்ற தன் விளக்கை மூன்றாம் முறை முத்திரையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிறகு ஈரம். அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டத்தில் மரத்தை வைத்துப் பிழைக்க நினைப்பவர்களுக்கு ஈரம்தான் முதல் பகை.

கடைசியாக மம்மி. "சமையல்கட்டுல இதெல்லாம் வைக்காதே" என்று சொன்ன மம்மி, டெர்வ்லா தன் விளக்கைக் கழற்ற வந்த அன்று, "இருக்கட்டும், பழகிப்போச்சு" என்றாள். எல்லாவற்றிலும் கடினமான வெற்றி இதுதான் என்பது அக்காள் நுவாலாவின் கணக்கு.

நுவாலா பத்து வயது மூத்தவள். பதினாறு வயதில் பள்ளியை விட்டு மாட்டுச் சந்தையின் சாப்பாட்டுக்கூடத்தில் சேர்ந்தாள், இன்றும் அங்கேதான். சந்தை இல்லாத நாட்களில் பால் நிலையத்துக்குப் போய்த் தங்கையின் பொருட்களைப் பெட்டியில் அடுக்குவாள். அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் பூட்டிப் பார்ப்பாள், கழற்றிப் பார்ப்பாள், விளிம்பில் கட்டைவிரலை ஓட்டுவாள். விரலில் ஏதாவது நெருடினால் அந்தத் துண்டு தனியே போய்விடும்.

"அது நல்லாத்தான் இருக்கு, நுவாலா. யாருக்கும் தெரியாது" என்பாள் டெர்வ்லா.

"எனக்குத் தெரியுதே. நான் யாரு, ஆள் இல்லையா? திரும்பத் தேய்."

அந்தத் துண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவில், லேசாக வளைந்த, ஆஷ் என்னும் உறுதியான மரத்தின் துண்டு. ஒரு முனையில் முளை, மறு முனையில் அந்த முளை உட்காரும் குழி. ஒன்றை ஒன்றின் மேல் தூக்கி மாட்டினால் பூட்டிக்கொள்ளும். ஆணி வேண்டாம், திருகு வேண்டாம். நாலைந்தை வளையமாகக் கோத்துக் கம்பளித் துணி உறையைப் போட்டால் மேசை விளக்கு. நீட்டமாகக் கோத்தால் நிற்கும் விளக்கு. விளக்கு வேண்டாத கோடையில் அதே துண்டுகள் அலமாரியாகும், பழத்தட்டைத் தாங்கும், ஈரக் கோட்டை மாட்டும் கொக்கியாகும்.

டப்ளினில் வாடகை அறைகளில் இருந்தபோது தோன்றிய யோசனை அது. சுவரில் ஆணி அடித்தால் முன்பணம் போச்சு என்பார் வீட்டுக்காரர். ஒரு வருடத்தில் வீட்டை விற்றுவிட்டேன், வெளியே போ என்பார். ஒரு அறைக்காக வாங்கிய விளக்கு அடுத்த அறையில் நுழையாது. அப்போதுதான் ஊரில் தங்கள் வயலுக்குப் போட்டிருந்த கதவு அவளுக்கு நினைவுக்கு வந்தது. இரும்பு முளையில் தொங்கும் அந்தக் கதவைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அடுத்த வயலின் முளையில் மாட்டிவிட்டுப் போகலாம். வயல் கதவுக்கு முடிந்தது விளக்குக்கு ஏன் முடியாது? அந்தக் கேள்வியோடு ஊருக்கு வந்தவள்தான்.

ஊர் தன் வழக்கப்படி வரவேற்றது. சாப்பாட்டுக்கூடத்தில் மாட்டு வியாபாரி ஜார்லத் கில்ரேன் பன்றிக்கறியையும் முட்டைக்கோசையும் வாயில் திணித்துக்கொண்டே கேட்பார்:

"ஏன் நுவாலா, உன் தங்கச்சி விளக்கு விக்கிறாளா, வெறகு விக்கிறாளா?"

"வெறகா இருந்தா உனக்கு ஓசியிலயே குடுத்திருப்பா. தட்டை நகத்து."

"கோவப்படாதம்மா. கொஞ்சம் நெனப்பு ஏறிடுச்சோன்னுதான் கேட்டேன்."

அந்தச் சொல்தான் விஷம். நெனப்பு. லீட்ரிமில் ஒருவர் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தால் மன்னிப்பு உண்டு. தன்னைப் பற்றி நெனப்பு ஏறிவிட்டது என்று பெயர் வாங்கினால் மன்னிப்பு இல்லை. அதனால் யாராவது பாராட்டினால் உடனே அதைத் தரையில் போட்டு மிதித்துவிட வேண்டும். புது உடுப்பு அழகாக இருக்கிறது என்றால், "இதுவா, தள்ளுபடியில வாங்கினது" என்று சொல்லியாக வேண்டும். டெர்வ்லா இதில் ஊரில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. விளக்கின் அடியில் தன் பெயரைப் போடக்கூட அவளுக்குக் கூச்சம். "விளக்கு எரிஞ்சாப் போதும், பேரு எதுக்கு?" என்பாள்.

அந்த ஜனவரியில் டப்ளின் தட்டுமுட்டுச் சாமான் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். வடிவத்தை மொத்தமாக அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும். அவர்கள் தொழிற்சாலையில், அவர்கள் பெயரில் செய்வார்கள். டெர்வ்லாவுக்கு அங்கே ஒரு மேசையும் மாதச் சம்பளமும் உண்டு. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். அதற்கு முன், வியாழன் முதல் சனி வரை டப்ளினில் கைவினைச் சந்தை. டெர்வ்லா தன் துண்டுகளை முதன்முதலாக ஊருக்கு வெளியே வைக்கப்போகிற இடம். அங்கே கடைக்காரர்கள் யாராவது கை கொடுத்தால் விளக்கு அவளுடையதாகவே இருக்கும். இல்லையென்றால் பால் நிலையத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

"குடுத்துட்டாலும் ஒரு நிம்மதிதான்" என்றாள் டெர்வ்லா, வேனில் போகும்போது. "நெனப்புன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

நுவாலா கியரை மாற்றினாள். "சொல்ல மாட்டாங்க. உன் விளக்கைக் கடையில போய் நீயே காசு குடுத்து வாங்கிட்டு வருவே. மம்மிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."



சந்தையில் முதல் இரண்டு நாளும் வந்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள். "எவ்வளவு அழகு!" என்பார்கள். "நாலு மரத்துண்டு, அவ்வளவுதான்" என்பாள் டெர்வ்லா. "சும்மா இரு பொண்ணே" என்று அதட்டி ஒன்றிரண்டு வாங்கிப் போவார்கள். ஒன்றிரண்டுதான். கடைக்காரர் யாரும் கை கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் ஹென்ரிக்கா வந்தாள். ஹாலந்துக்காரி, வெள்ளை முடி, மழைக்கோட்டு. மூன்று நகரங்களில் கடை வைத்திருப்பவள் என்று பக்கத்துக் கடைப் பெண் காதில் கிசுகிசுத்தாள். ஹென்ரிக்கா விளக்கைக் கழற்றினாள். அலமாரியாக்கினாள். மறுபடி விளக்காக்கினாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றாள் டெர்வ்லா.

"ஒண்ணுமில்லையா? ஏன், என்ன குறை?"

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்களே என்று டெர்வ்லா மரியாதையாகக் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். ஈரத்தில் முளை ஊதிவிடும், மரம் சாதாரண மரம்தான், இதைவிட நல்லதை எத்தனையோ பேர் செய்கிறார்கள். ஹென்ரிக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நுவாலா மேசைக்கு அடியில் தங்கையின் காலை மிதித்தாள். பயனில்லை.

"இருந்தாலும் எனக்குப் பிடிச்சிருக்கு. என் கடைகள்ல வைக்கணும்னு நினைக்கிறேன்" என்றாள் ஹென்ரிக்கா.

"வேணாங்க, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றாள் டெர்வ்லா.

"சரி" என்றாள் ஹென்ரிக்கா. பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அக்காளும் தங்கையும் புன்னகை மாறாமல் நின்றார்கள். ட்ரம்ஷான்போவில் யாரும் முதல் தடவையே டீக்குச் சரி சொல்வதில்லை. வேண்டாம் என்பார்கள். அரைக் கோப்பை என்று கெஞ்சினால், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். மூன்றாவது தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆகவே இருவரும் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார்கள். மழைக்கோட்டு கூட்டத்துக்குள் மறைந்தது.

"திரும்பி வருவாங்க" என்றாள் டெர்வ்லா.

"அவங்க ஹாலந்துக்காரங்கடி" என்று சொல்லிவிட்டு நுவாலா ஓடினாள்.

காபி வரிசையில் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"மேடம், என் தங்கச்சி வேணாம்னு சொன்னது வேணாம்னு இல்லைங்க."

"பின்னே?"

"மரியாதைக்குச் சொன்னது. எங்க பக்கம் அப்படித்தான். நீங்க இன்னும் ரெண்டு தடவை கேட்டிருக்கணும்."

ஹென்ரிக்கா அவளை வினோதமாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "எனக்கு நாலு மணிக்கு விமானம். ரெண்டு தடவை கேக்க நேரம் இல்லை. முளை ஊதும்னு சொன்னாங்களே, அதுவும் மரியாதைக்கா?"

நுவாலாவுக்குப் பதில் தெரியும். முதல் துண்டுகள் ஊதியது உண்மை. பிறகு டெர்வ்லா வேறு வகையில் உலர்த்திய மரத்தை எடுத்து, முளையைச் சற்றுக் கூம்பாக்கி, ஒரு முழுக் குளிர்காலம் பால் நிலையத்தின் ஒழுகும் மூலையிலேயே அவற்றைப் போட்டுவைத்துச் சோதித்திருந்தாள். நுவாலா அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்க" என்று தடுத்தாள் ஹென்ரிக்கா. "நீங்க அக்கா, நல்லதுதான் சொல்வீங்க. செஞ்சவங்களே மோசம்னா நான் எதை நம்பி விக்கிறது? அவங்க வந்து சொல்லட்டும். இன்னொண்ணு, செஞ்சவங்க பேரு இல்லாத பொருளை நான் கடையில வைக்கிறது இல்லை. இந்தக் காபி முடியிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன்."

நுவாலா திரும்பி ஓடி வந்து விஷயத்தைச் சொன்னதும் டெர்வ்லாவின் முகம் சுண்ணாம்பானது.

"என்னால முடியாது, நுவாலா. நல்லா இருக்குன்னு நானே எப்படிச் சொல்றது? செத்துருவேன்."

"சொல்லிட்டுச் சாவு."

"நீ என்கூட வா."

"வர மாட்டேன். நான் வந்தா நான் பேசிருவேன். காபி சின்னக் கப்புடி, நிக்காதே!"

டெர்வ்லா ஒரு துண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அக்காள் வர மாட்டேன் என்று சொன்னாளே தவிர, இரண்டு கடை தள்ளித் தொங்கிய சால்வைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தங்கையின் கழுத்து காதுவரை சிவந்திருந்தது தெரிந்தது. கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"முன்னாடி முளை ஊதுச்சு. இப்ப ஊதாது. ஒரு குளிர்காலம் முழுக்க நனைய விட்டுப் பாத்துட்டேன். வீடு மாறிக்கிட்டே இருக்கிறவங்களுக்காகச் செஞ்சது இது. எந்த அறையிலயும் நிக்கும், எந்தச் சுவரையும் தொடாது." துண்டை ஹென்ரிக்காவிடம் நீட்டினாள். "இது நல்ல விளக்குங்க. நான்தான் செஞ்சேன்."

அந்த ஒரு வாக்கியத்தை நுவாலா அதற்குமுன் யார் வாயிலும் கேட்டதில்லை. மம்மி வாயில் இல்லை, அப்பா வாயில் இல்லை, தன் வாயிலும் இல்லை. சால்வைக்காரி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றாள் நுவாலா.

ஹென்ரிக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "நல்லது. ஈஸ்டருக்குள்ள எத்தனை செய்ய முடியும்?"

திங்கட்கிழமை காலை டெர்வ்லா பால் நிலையத்திலிருந்து கம்பெனிக்காரருக்குப் போன் செய்தாள். நுவாலா பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க யோசனைக்கு நன்றிங்க. ஆனா வேணாம்" என்றாள் டெர்வ்லா. அவர் ராஸ்காமன்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்; அங்கேயும் இதே வழக்கம்தான். சிரித்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். "இல்லைங்க, நிஜமாவே வேணாம்." சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி கேட்டார்.

டெர்வ்லா போனைக் கையால் மூடிக்கொண்டு, "இந்த ஆளு நான் மரியாதைக்குச் சொல்றேன்னு நினைக்கிறாரு, நுவாலா!" என்றாள்.

"மூணு தடவை ஆகட்டும். அப்பத்தான் அவருக்குப் புரியும்."

மூன்றாவது தடவைக்குப் பிறகு புரிந்தது. நல்லபடியாக வாழ்த்திவிட்டு வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் ஹென்ரிக்காவுக்கான முதல் விளக்கு தயாரானது. மம்மி, புனித பிரிஜிட் திருநாளுக்கான சிலுவையைப் பின்னுவதற்காகக் கோரைப்புல்லை மடியில் வைத்துக்கொண்டு பால் நிலையத்து ஹீட்டர் அருகே உட்கார்ந்திருந்தாள். நுவாலா அடித்துண்டைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டெர்வ்லா சூடேறிய சுடுகோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"பேரா போடப்போறே?" என்றாள் மம்மி. "ஜார்லத் பாத்தா என்ன சொல்வான்?"

"என்ன வேணும்னாலும் சொல்லட்டும் மம்மி. அவன் ஏற்கெனவே ரெண்டு விளக்குக்குச் சொல்லி வெச்சிருக்கான், பொண்டாட்டிக்குத் தெரியாம" என்றாள் நுவாலா. "ஆட்டாதேடி. மெதுவா."

"முழுப் பேரா?" என்று கேட்டாள் டெர்வ்லா.

"பின்னே, பாதிப் பேரையா?"

மரம் கருகும் வாசனை எழுந்தது. முதல் எழுத்து சற்றுக் கோணலாக வந்தது. பிறகு கை நேரானது. மம்மி கோரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதா? வாசிக்க முடியலை."

டெர்வ்லா பெயருக்குக் கீழே தேதியையும் எழுதினாள். 2019, பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை.