இஞ்சின் மூடியின் ஒன்பது போல்ட்டுகள்

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவமாதுவாக இருந்தபோது, நிர்வாகம் எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. தொழிலாளர்கள் குடியிருக்கும் மேற்பிரிவு லயங்களுக்கு நடந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். வண்டியில் இருபத்தைந்து நிமிடம். இரண்டையும் கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறேன்.

தோட்டத்தில் எந்த வண்டி பழுதானாலும் தொழிற்சாலை ஃபிட்டர்தான் பார்ப்பார். கொழுந்து உருட்டும் ரோலரில் அவர் இறுக்கிய போல்ட் வருஷக்கணக்கில் அசையாது. கெட்டிக்காரர். ஆனால் வார்ப்பிரும்பு ரோலருக்குப் போடும் பலத்தையே என் வண்டியின் அலுமினிய இஞ்சினுக்கும் போட்டார். மூடியின் சின்ன போல்ட் ஒன்று உள்ளே திருகு மரையை உரித்துக்கொண்டு சும்மா சுற்றியது. எண்ணெய் ஒழுகியது. மூன்று வாரம் கர்ப்பிணிகளைப் பார்க்க நடந்தே போனேன்.

தோட்ட லொறியில் வண்டியை ஏற்றி, ஹட்டனில் ஒரு லேத் கடையில் மரையைச் சரிசெய்து வந்தேன். இந்த முறை மூடியை நானே பூட்டுவேன் என்று தோட்ட நிர்வாகியான துரையிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“பூட்டுங்க மிஸி. ஒரு சொட்டு ஒழுகினாலும் பைக்க ஆபீசுல விட்டுட்டு நடந்துதான் போகணும். சரியா?”

“சரிங்க சார்.”

தொழிற்சாலை வாசலிலேயே வேலையைத் தொடங்கினேன். மருந்துப் பெட்டி அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒன்பது துளையிட்டு, கழற்றும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் துளையில் குத்தி வைத்திருந்தேன். நீளமானது குட்டையானதன் இடத்தில் போனால், அடியில் முட்டி இறுகியதுபோல் ஏமாற்றும். மரைகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். ஒன்பதையும் முதலில் விரலாலேயே திருகினேன். பிறகு எட்டு நம்பர் ஸ்பானரை நுனியில் பிடிக்காமல் போல்ட் தலைக்குக் கிட்டப் பிடித்து, ஒன்றுக்குப் பின் அதன் எதிர்ப்பக்கத்து ஒன்று என்று, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை இறுக்கினேன்.

ஃபிட்டர் தேநீர்க் கோப்பையுடன் வந்து நின்றார்.

“என்னங்க மிஸி, பச்சப்புள்ளைக்குத் தொப்புள்கொடி கட்டுறீங்களா?”

கொழுந்துச் சாக்கு இறக்கியவர்கள் சிரித்தார்கள்.

“அதையும் இறுக்கித்தாங்க கட்டுறேன். அறுந்துபோற மாதிரி கட்டுறதில்ல.”

“பொம்பள கை இறுக்கம் இந்த ரோட்டுக்கு எத்தன நாளைக்குங்க தாங்கும்? தள்ளுங்க, ஒரு கால் சுத்து போட்டு விடுறேன்.”

அவருடைய நீண்ட ஸ்பானர் கிட்ட வந்தது. மூடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தேன்.

“இதுல கை வைக்காதீங்க. ஒழுகினா நடக்கப்போறது நான். நீங்க இல்ல.”

அன்றிலிருந்து வண்டியை என் குவாட்டர்ஸ் வாசலில் நிறுத்தவில்லை. அன்றன்றைய வேலைக்குப் பெயர் பதியும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் இடத்தில், வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் நிறுத்தினேன். பெயர் கொடுக்க வந்த எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். ஏழாம் நாள் ஃபிட்டர் குந்தி உட்கார்ந்து, மூடியின் அடியில் விரலைத் தேய்த்து முகர்ந்தார்.

“இது வெயில் காலம் மிஸி. மழை வந்து ரோடு ஒடையட்டும், அப்ப பாக்கலாம்.”

“பாக்கலாங்க.”

மழை வந்தது. மேற்பிரிவுப் பாதையில் மண் கரைந்து கல் மட்டும் நின்றது. வண்டி குலுங்கிய குலுங்கலில் நம்பர் தகடு கழன்று விழுந்தது. அதைப் பூட்டியது நான் அல்ல என்பதையும் அன்றைய குறிப்பில் எழுதினேன். ஒவ்வொரு மாலையும் வண்டியை ஈரம் போகத் துடைத்து, பெரட்டு இடத்திலேயே கூரைக்குக் கீழே புதுத் தாளில் நிறுத்தினேன். எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட விழவில்லை.

ஒரு காலை துரை எல்லோர் முன்னாலும் குனிந்து பார்த்தார்.

“போதும் மிஸி. பைக் உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தத் தாள எடுங்க.”

ஃபிட்டர் அங்கேதான் நின்றார்.

“மழை முடியட்டும் சார்,” என்றேன்.