அண்ணையின் வாசல் மரம் பட்டுப்போகவில்லை

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நாலு பேருக்கு முன்னால் கதைத்தும் பழக்கமில்லை. "அப்பாவின்ர அந்தியேட்டி மலருக்கு நீங்கள்தான் எழுத வேணும் மாமி" என்று அண்ணையின் மகன் கேட்டதால் எழுதுகிறேன்.

அண்ணை சுன்னாகத்தில் பிறந்தவர். எங்கள் ஐயா வேளைக்கே கண்மூடிவிட, வாழைத் தோட்டம் செய்து எங்களை வளர்த்தார். டென்மார்க்குக்கு வந்து இக்காஸ்ட் நகரத் துணித் தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்தார். அது மூடியபோது ஒருவரையும் குறை சொல்லாமல், முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒடுங்கிய வாசலுக்கு ஏற்றதென்று தூண்போல நெடுக வளரும் பீச் மரம் ஒன்றை வாங்கி நட்டார்; பழம் தரும் பீச் இல்லை, டென்மார்க் காடுகளில் நிற்கிற பீச். பெயர்ச்சீட்டு இல்லாததால், அது பீச் இல்லை என்று கனபேர் வாதாடினார்கள். அண்ணை ஓர் இளம் இலையை வெயிலில் பிடித்துக் காட்டுவார்.

"பாருங்கோ, விளிம்பில வாள்ப்பல்லு இல்லை. பூனைமயிர்தான் கிடக்கு. இது பீச்."

ஆனால் வாழைக்குக் கட்டுவதுபோலப் பாத்தி கட்டித் தண்ணீரை நிறைத்துவிட்டார். இலை மஞ்சளானது. வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மா சொன்ன பிறகுதான் பாத்தி வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டார். அந்த மாரிக் குளிரில் இலை எல்லாம் காய்ந்து, விழாமல் அப்படியே நின்றது.

"பட்ட மரத்தை வாசலில வைச்சு என்ன பூசையே செய்யப்போறியள்?" என்றார் அண்ணையின் மனைவி, என் மச்சாள்.

அண்ணை மரம் அரியும் வாளோடு போனார். வெட்டுமுன் கொப்பை நகத்தால் சுரண்டினார்.

"இஞ்சை பாரும், உள்ளுக்குப் பச்சை!"

வாள் திரும்பிப் போனது. வசந்தத்தில் மரம் தளிர்த்தது. இளம் பீச் காய்ந்த இலையோடுதான் குளிரைக் கடக்கும் என்று பிறகு அறிந்தோம்.

இந்தத் தை மாதம் அண்ணை எங்களை விட்டுப் போனார். துக்கத்துக்கு வந்தவர்கள், மரமும் அவரோடு போய்விட்டது என்றார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீடு துப்புரவாக்கும்போது அண்ணையின் மகன் வாளை எடுத்தார். அத்தனை பேருக்கு முன்னால்,

"பொறு தம்பி, முதல் சுரண்டிப் பார்" என்றேன்.

சுரண்டினார். அவருக்குக் கண் கலங்கியது.

"ஓம் மாமி, பச்சைதான்."

ஆஸ்பத்திரியில் அண்ணையின் கையைப் பிடித்திருந்தவர்களுக்கும், எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், கேளாமலே வாசலில் பனி வழித்துவிட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று வாசலால் வருகிறவர்கள் அந்தக் காய்ந்த இலைகளைப் பிடுங்க வேண்டாம். தளிர் வந்து தள்ளும்போது அவை தாமே விழும். அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.