படத்தில் இல்லாத சனம்

ஆங்கில விண்வெளிப் படங்களை வைத்து எழுதப்படுகிற நாவல்களை வாசிக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே கோபம் வரும். கேட்பவர்கள் மேல் அல்ல. ஒரு புத்தகத்தையும் திறந்து பார்க்காமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன இரண்டு பெரிய மனிதர்கள் மேல். அவர்கள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

முல்லைத்தீவு போகிற பிரதான வீதியில் தர்மபுரம் தாண்டி உள்ளே இறங்கினால் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலை இருக்கிறது. பதினொரு வருடமாக அதன் பூட்டும் திறப்பும் என்னிடம்தான். நூலகர் என்று எனக்கு நியமனக் கடிதம் ஏதும் கிடையாது. கூட்டுகிறவள், பத்திரிகை அடுக்குகிறவள், கதவு பூட்டுகிறவள் எல்லாம் நானே. போர் முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில் கனடாவில் இருந்து ஒரு பெட்டி வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து புலம்பெயர்ந்து போன யாரோ ஒருவர், வளர்ந்துவிட்ட மகனின் அறையைத் துப்புரவாக்கி அப்படியே கட்டி அனுப்பியிருந்தார். முப்பத்தாறு ஆங்கிலப் புத்தகங்கள். எல்லாவற்றின் அட்டையிலும் கப்பல், நட்சத்திரம், துப்பாக்கி பிடித்த ஆள்.

ஆங்கிலம் என்றால் எங்களுக்கு அறிவு. நிலையத் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். அவர் அட்டைகளைப் பார்த்து, நட்சத்திரம் இருப்பதால் ‘விஞ்ஞானம்’ என்று சீட்டு எழுதி ஒட்டினார். அதற்குக் கீழே ‘உசாத்துணை, வெளியே கொண்டுசெல்லக் கூடாது’ என்று இன்னொரு சீட்டு. கண்ணாடி அலுமாரி, பூட்டு, திறப்புவிழா, படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்புதல் எல்லாம் முறைப்படி நடந்தன. அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் வாசித்தேன். மத்தியானத்துக்குள் பத்திரிகை வாசிக்க வருகிறவர்கள் எல்லாம் எழும்பிப் போய்விடுவார்கள், பிறகு பொழுது போகவேண்டுமே. அவை படத்தின் வால் பிடித்து வந்தவை என்று அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் வளர்ந்த காலத்தில் இங்கே மின்சாரமும் இல்லை, அந்தப் படங்களும் இல்லை. வெறும் கதை என்றே நினைத்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

முப்பத்தாறில் முப்பது குப்பை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் முப்பதையும் நான் கடைசிவரை வாசித்தேன். கதாநாயகனின் கண் என்ன நிறம் என்று அதிகாரத்துக்கு ஒருதரம் சொல்லுவார்கள். அவனை எந்தக் குழிக்குள் தள்ளினாலும் நெஞ்சு பதறாது, அடுத்த படத்துக்கு அவன் வேண்டும் என்பதால் சாகமாட்டான். எழுதுகிறவர்கள் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரி. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. போகும்போது எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போகவேண்டும். சில புத்தகங்களை முடித்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் அதற்குள் ஒன்பது பாகத்தில் ஒரு தொடர் இருந்தது. அதில் மூன்றாம் பாகம். ஒரு சின்ன நிலவில் தண்ணீர் எடுத்துப் பிழைக்கும் சனம். போர் கிட்ட வருகிறது. இரண்டு மணித்தியாலத்தில் எல்லோரும் கிளம்பு என்று கட்டளை. ஒரு பெண் தன் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பி ஓடிப்போய், சுவரில் பூட்டியிருந்த தண்ணீர் மோட்டரைக் கழற்றுகிறாள். ஒரு திருகாணி இறுகிப்போய்க் கிடக்கிறது. அந்த ஓர் ஆணியோடு அவள் நாலு பக்கம் மல்லுக்கட்டுகிறாள்.  இதை எழுதிய மனிதன் இடம்பெயர்ந்தபோது நாங்கள் வீட்டுச் சாமான்களைக் கழற்றி ஏற்றிய ட்ராக்டர் பெட்டிகளைப் பார்த்திருக்கிறானோ என்று நினைத்தேன். பல வருடம் கழித்து அந்தத் தொடருக்கு மூலமான படத்தைக் கைப்பேசியில் பார்க்கக் கிடைத்தது. அதில் அந்த நிலவே இல்லை. ஓர் அதிகாரி நடந்துகொண்டே, எல்லோரையும் வெளியேற்றியாயிற்று என்கிறார், அவ்வளவுதான். படக்காரர்கள் ஒரு வசனத்தில் தாண்டிப்போன சனத்துக்கு, கூலிக்கு எழுதிய ஒருவன் நாற்பது பக்கம் கொடுத்திருக்கிறான். இப்படி ஒன்றுக்காகத்தான் இந்தக் குப்பையைக் கிளறலாம் என்று நான் சொல்கிறேன்.

இதை என்னோடு வாசித்தவர் ஓர் அண்ணை. முல்லைத்தீவுக் கரையோர ஊர்க்காரர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், கடற்தொழில். இடையில் பல வருடம் கட்டாரில் கப்பல் திருத்துகிற இடத்தில் வேலை செய்து, இயந்திரக் குறிப்புப் புத்தகங்களிலேயே ஆங்கிலம் படித்தவர். அவருடைய காணி இன்னும் ஆமி முகாம் வேலிக்குள் இருந்தது. இவர் எங்கள் வாசிகசாலைக்கு நாலு மைல் தள்ளி மனைவியின் சொந்தக்காரர் கொடுத்த காணித் துண்டில் கொட்டில் போட்டு இருந்தார். சனிக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். ஒருநாள் பத்திரிகை முடிந்து சும்மா இருந்தவரிடம் மூன்றாம் பாகத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த மோட்டர்ப் பகுதிக்கு வந்ததும் சிரித்தார்.

“நாங்களும் படகை விட்டிட்டு எஞ்சினைக் கழட்டிக் கொண்டுதான் வந்தனாங்கள். தோளிலை காவி, தங்கச்சி.”

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். சண்டை வருகிற பக்கங்களை எல்லாம் தட்டிவிட்டுப் போவார். விண்கப்பல் துரத்தல் அவருக்குத் தேவையில்லை. அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான்.

“அந்தச் சனத்தைத் திரும்ப விடுறாங்களோ இல்லையோ எண்டு பார்க்கவேணும்” என்பார்.

ஒவ்வொரு பாகத்திலும் அந்தச் சனம் ஓரிரு இடத்தில் தலைகாட்டும். ஒரு முகாமில் இருக்கிறார்கள், இன்னொரு முகாமுக்கு மாற்றப்படுகிறார்கள், அந்தப் பெண்ணுக்கு நரை விழுகிறது. அவர் அதைத் தேடிப் பிடித்து விரலை வைத்துக்கொண்டு வாசிப்பார். எட்டுப் பாகத்துக்கு இரண்டரை வருடம் எடுத்தது. வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருக்கலாம். உசாத்துணைச் சீட்டைக் காட்டி, சட்டம் என்றால் சட்டம் என்று நானும் ஒரு பெரிய அதிகாரி மாதிரி இருந்தேன்.

ஒன்பதாம் பாகத்தை நான் முன்பே வாசித்திருந்தேன். அதை எழுதியவர் வேறோர் ஆள். படக்கம்பனிக்காரர் ஆளை மாற்றுவார்கள், அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். போர் முடிகிறது. நல்லவர்கள் வெல்கிறார்கள். அந்த வெறும் நிலவில் நல்லவர்களின் விண்வெளிக் கடற்படை தளம் அமைக்கிறது. கடைசிப் பக்கத்தில் கதாநாயகன் அங்கே நின்று நண்பர்களோடு கோப்பையை உயர்த்துகிறான். இதை அந்த அண்ணையிடம் எப்படிக் கொடுப்பது என்று எட்டாம் பாகம் முடிகிற காலத்தில் எனக்குத் தலையிடியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து லண்டனில் இருந்து ஓர் இலக்கிய ஆர்வலர் வந்தார். வாசிகசாலைக்கு நல்ல புத்தகங்கள் அனுப்பப்போகிறாராம், இடம் பார்க்க வந்தாராம். அலுமாரியைத் திறந்து ஒன்றை இரண்டு விரலால் தூக்கினார்.

“ஐயோ, உது படக்காரன் கூலிக்கு எழுதுவிக்கிற சாமான். உதையே உசாத்துணை எண்டு பூட்டி வைச்சிருக்கிறியள்?”

தலைவரின் முகம் கறுத்துப்போயிற்று. விஞ்ஞானம் என்று சீட்டு ஒட்டியவர் அவர் அல்லவா.

“ஐயா, மூண்டாம் பாகத்தை மட்டும் ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ” என்றேன்.

“உங்களுக்குப் பிடிச்சிருக்குப் போலை” என்று ஆர்வலர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூலிக்குச் செய்தால் மனம் வைத்துச் செய்யமாட்டார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? எங்கள் பக்கத்துப் பெண்கள் கூலிக்குத்தான் கச்சான் கடலை பிடுங்குகிறார்கள். ஒரு கச்சானையும் மண்ணுக்குள் விட்டுவிட்டு வருவதில்லை.

மாத முடிவில் பழைய இரும்புக்கு வருகிற லொறிக்காரனிடம் புத்தகங்களைப் போட்டுவிடச் சொல்லி நிர்வாகசபை முடிவெடுத்தது. பேசாமல் அந்த ஒன்பதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பொதுச்சொத்தில் கைவைத்தாள் என்ற கதை வரும் என்று பயந்தேன். அதற்குப் பதிலாக ஒரு கெட்டித்தனம் செய்தேன். வாணிவிழா வந்துகொண்டிருந்தது. கடைசி மூன்று நாளும் புத்தகங்களைக் கலைமகள் படத்துக்கு முன்னால் அடுக்கிப் பூசை செய்வோம், விஜயதசமி வரை ஒருவரும் தொடமாட்டார்கள். முப்பத்தாறையும் அங்கே அடுக்கினேன். ஒவ்வொரு கப்பலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூசையில் வைத்த புத்தகத்தை எங்கள் ஊரில் எவனும் தூக்கி எறியமாட்டான் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதற்கு முந்திய சனிக்கிழமை அண்ணை எட்டாம் பாகத்தை முடித்துவிட்டு ஒன்பதைக் கேட்டார். புத்தகங்கள் மேசையில் அடுக்கியபடி இருந்தன, துணி இன்னும் போர்த்தவில்லை.

“பூசைக்கு எடுத்து வைச்சிட்டன் அண்ணை. இனி விஜயதசமிக்குத்தான் தரலாம்” என்றேன்.

“அதுக்கென்ன, உங்கடை முறை எண்டு ஒண்டு இருக்குத்தானே” என்றார். எங்கள் நிர்வாகசபைக்காரர்களுக்கு இல்லாத மரியாதை அவருக்கு இருந்தது. பூசை ஒரு சாட்டு என்பது எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, நாலு நாளாவது தள்ளட்டும் என்று பார்த்தேன்.

விஜயதசமி காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினார்கள். நான் பின்பக்கத்தில் கடலையும் அவலும் பங்கிட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தால் மேசை வெறுமையாக இருந்தது. தலைவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“பூசையிலை வைச்சதை லொறிக்காரனுக்குக் குடுக்கேலாது பிள்ளை, பாவம். கும்பத்தோடை சேர்த்துக் குளத்திலை விட்டாச்சு. முறையாத்தான் செய்தது.”

அவருடைய முகத்தில் ஒரு சூதும் இல்லை. உண்மையாகவே பெரிய புண்ணியம் செய்த மாதிரி நின்றார். நான் அவற்றைப் பூசையில் வைக்காமல் இருந்திருந்தால் சாக்கில் கட்டிப் பின்னால் போட்டிருப்பார்கள். மாத முடிவுவரை கிடந்திருக்கும். வேண்டியதை நான் உருவி எடுத்திருக்கலாம். காப்பாற்றுகிறேன் என்று சந்தனம் வைத்து நானே அனுப்பி வைத்திருக்கிறேன்.

குளத்தடிக்கு ஓடினேன். மாரி தொடங்காத குளம், கரையோரம் எல்லாம் சேறு. மாலையும் வாழையிலையும் மிதந்த இடத்தில் முழங்கால் அளவுக்கு இறங்கி ஏழு புத்தகம் எடுத்தேன். ஏழும் ஊதிப்போய், பக்கம் பிரிக்கமுடியாமல் இருந்தன. மூன்றாம் பாகமும் இல்லை, ஒன்பதாம் பாகமும் இல்லை. கரையில் துணி தோய்த்துக்கொண்டு நின்ற பெண்கள் எனக்கு ஏதோ பிசகிவிட்டது என்று பார்த்தார்கள்.

பின்னேரம் அண்ணை வந்தார். அன்று சனிக்கிழமைகூட இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“இண்டைக்கு எடுக்கலாம்தானே, தங்கச்சி?”

நடந்ததைச் சொன்னேன். லொறி, பூசை, குளம் எல்லாம். அவர் கோபிக்கவில்லை. திறந்து கிடந்த வெறும் அலுமாரியின் கதவைச் சாத்தினார்.

“சரி, நீங்கள் வாசிச்சனீங்கள்தானே. சொல்லுங்கோவன். அந்தச் சனம் திரும்பிப் போச்சுதோ?”

புத்தகம் இல்லை, இனி யார் சரிபார்க்கப்போகிறார்கள் என்று ஒரு துணிவு வந்தது.

“ஓம் அண்ணை, போச்சுது. எல்லாரையும் விட்டவங்கள்.”

அவர் என்னைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“கடைசிப் பக்கத்தை நான் சனிக்கிழமையே பாத்திட்டன், தங்கச்சி. நீங்கள் கிணத்தடிக்குப் போன நேரம்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “பின்னை ஏன் அண்ணை புத்தகத்தைக் கேட்டனீங்கள்?” என்றேன்.

“அந்தச் சனம் போய்க் கேட்டிருக்குமெல்லோ, எங்கடை இடத்தை ஏன் தாறியள் இல்லையெண்டு. அதுக்கு அவங்கள் என்ன மறுமொழி சொன்னாங்கள் எண்டு அறியத்தான். நடுவிலை எங்கையாவது கிடக்கும் எண்டு நினைச்சன்.”

அந்தப் புத்தகத்தை நான் இரண்டு தரம் வாசித்தவள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தமுறை பொய் சொல்ல வரவில்லை.

“ஒரு மறுமொழியும் இல்லை, அண்ணை. அந்தச் சனம் போய்க் கேக்கிறதாவே எழுதேல்லை.”

அவர் சைக்கிளை எடுத்து நிமிர்த்தினார்.

“நாங்கள் கேட்டனாங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.