குழந்தை கடிக்கும் சட்டை

ரேணுகா குழந்தைச் சட்டை தைத்து விற்பவள். குன்னூருக்குக் கீழே எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தையல் மெஷினோடு மலையேறி வந்தவள். பெயர் சூட்டு விழா, முதல் பிறந்தநாள் என்று கேட்பவர்களுக்குக் குழந்தையின் பெயரும் ஒரு சின்னப் படமும் போட்ட சட்டை செய்து கொடுப்பாள். தைப்பது அவள், அச்சு மட்டும் டவுனில் ஒரு கடையில். சூட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அச்சு.

ஒருநாள் ஸ்ரீமதி வந்தார். டீ ஏல அலுவலகத்தில் வேலை, பழைய வாடிக்கை. மகனின் சட்டையை மேஜைமேல் விரித்தார். 'கிருத்திக்' என்ற பெயரில் முதல் எழுத்தைக் காணோம்.

"ஏனுங்க ரேணுகா, எழுத்து எங்கீன்னு தேடுனா, பையன் வாய்க்குள்ள கெடக்குது. வெரல விட்டு எடுத்தேனுங்க."

டிஷ்யூவில் மடித்துக் கொண்டு வந்ததையும் காட்டினார். எச்சிலில் ஊறிச் சுருண்ட சிவப்பு ரப்பர். அன்றோடு ரேணுகா அந்த அச்சுக் கடையைத் தலை முழுகினாள்.

வேறு அச்சுக்காரரைத் தேடித் திருப்பூருக்குப் போனாள். அங்கே பிரசாத் என்பவரின் அச்சுக் கம்பெனி பெரியது. துணிமேல் நேராக மை தெளித்து அச்சடிக்கும் மெஷின் இருந்தது. ஒரே ஒரு சட்டை என்றாலும் அடித்துக் கொடுப்பார். ஏலக்காய் டீ கொடுத்து, மஞ்சள் யானை போட்ட மாதிரிச் சட்டையை நீட்டினார். அழகாகத்தான் இருந்தது. முகர்ந்தாள். புளித்த காடி நெடி. பிறகு யானை இருந்த இடத்தைச் சுருட்டி வாயில் வைத்துச் சப்பினாள்.

"என்னுங்கம்மணி இது! யாராச்சும் துணியத் திம்பாங்களா?"

"பல்லு மொளைக்கிற கொழந்தை திங்குமுங்க."

நாக்கு கசந்தது; பிறகு மரத்தது. வாய் கொப்பளிக்கப் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு ஆள், அச்சு பிசகிய குழந்தைச் சட்டைகளின்மேல் கறை எடுக்கிற மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். கம்பெனி நாட்களில் அவளே அடித்த மருந்துதான். மூக்கில் துணி கட்டாமல் யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். கரைந்து வழிந்த மையைத் துடைக்க அவன் கையில் இருந்ததும் ஒரு குழந்தைச் சட்டை. துடைத்த சட்டையும் அதே குவியலில் போய் விழுந்தது, மேலே புது அச்சு போடுவதற்கு.

பிரசாத் பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஒரு தண்ணி அலசுனா போயிருமுங்க. கொழந்தைக்குத் தெரியவா போகுது?"

சிரித்துக்கொண்டே சொன்னார். நெடியைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்படியே வெளியேறினாள். மலை ஏறும்போது பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, பக்கத்து சீட்டுப் பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

"ரோட்டுனால இல்லீங்கக்கா. ஒரு மனுசனப் பாத்துட்டு வாரேன்."

கொஞ்ச காலம் பெயரில்லாத சட்டைகளையே விற்றாள். பிறகு கூடலூரில் லூயிஸ் என்ற மலையாள அச்சுக்காரரைக் கேள்விப்பட்டுப் போனாள். கருவாட்டுக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. தண்ணீரில் கரைத்த மை. படத்துக்குக் கையால் மை இழுத்து அச்சடிக்கும் வலைச் சட்டம், பெயருக்கு எழுத்து எழுத்தாக வெட்டிய தகடு.

"சேச்சி, வெள்ளை, மஞ்சள் மட்டும் கொண்டுவாங்க. கறுப்புத் துணியில இந்த மை எடுக்காது. எடுக்க வைக்கிற மருந்து ஞான் தொடமாட்டேன்."

அங்கேயும் சப்பிப் பார்த்தாள். லூயிஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தார். வெறும் பஞ்சின் சுவைதான். ஆனால் துணி முழுக்கக் கருவாட்டு வீச்சம்.

முதல் பார்சலைப் பிரித்ததும் வீடே நாறியது. அவள் கணவன் விமல், டீ ஃபேக்டரி லாரி ஓட்டுபவன், சோற்றுத் தட்டோடு வாசலுக்குப் போய்விட்டான்.

"இதுக்கு அந்தத் திருப்பூர்க்காரனே தேவல."

"இது கருவாடு, சோப்புல போயிரும். அது போகாதுங்க."

மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டு முறை துவைத்தாள். மூடுபனியில் காயாததால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினாள். இப்போதும் அப்படித்தான். சொன்ன தேதிக்குக் கொடுக்க முடிவதில்லை. ஸ்ரீமதி கருநீலத்தில் தங்க எழுத்து கேட்டார். முடியாது என்றதும் ஆன்லைனில் வாங்கிக்கொண்டார். இரண்டு மெஷினில் ஒன்று பெரும்பாலும் சும்மா கிடக்கிறது.

அன்று வாங்கிவைத்த நம்பருக்குப் பிரசாத் மட்டும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ போட்ட வாழ்த்துப் படம் அனுப்புகிறார். அதன்மேல் விரல் வைக்கக்கூட அவளுக்குக் கூசுகிறது. போனை விமலிடம் நீட்டி, "இத நீங்களே அழிச்சிருங்க" என்கிறாள்.