வழியும் சார்

எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வில் ஒரு வகுப்பே காப்பியடித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில் எழுதியிருக்கிறார்களாம், அதுவும் தப்பான பதில். போதாக்குறைக்குப் பதிலுக்குப் பின்னால் "சார்" என்றும் சேர்த்திருக்கிறார்களாம். மேற்பார்வைக்கு நின்றவரே சொல்லிக்கொடுத்தார் என்றது ஒரு கட்சி. ஜன்னல் வழியாகச் சீட்டு வந்தது என்றது இன்னொரு கட்சி. காப்பியடிப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் கிடையாது. ஆனால் பிட்டிலிருந்து பார்த்து எழுதும்போதுகூட மரியாதை தவறாத பிள்ளைகள் எங்கே கிடைப்பார்கள்? பார்த்துவிட்டு வரலாம் என்று பள்ளிக்குப் போனேன்.

கேள்வி இதுதான். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளரில் ஒரு ஐஸ் கட்டி மிதக்கிறது. ஐஸ் முழுக்க உருகினால் தண்ணீர் வழியுமா? வழியாது. மிதக்கும்போது எவ்வளவு தண்ணீரை ஒதுக்கித் தள்ளியதோ, உருகியபின் அதே இடத்துக்குள் அது அடங்கிவிடும். பிள்ளைகள் எழுதியது: "வழியும் சார்."

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் மட்டும் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பியா? அட போங்க சார். காப்பியடிச்சிருந்தா ஒரு தடிமாடாவது மாத்தி எழுதித் தொலைச்சிருக்கும். இது ஒத்திகை."

"என்ன ஒத்திகை?"

"லேபுக்குப் போங்க. ஒளிவட்டம் அங்கதான் இருக்கும்."

ஒளிவட்டம் என்பது அறிவியல் ஆசிரியர். வீடியோ எடுக்கும்போது முகத்துக்கு நேரே வைக்கிற வட்ட விளக்கைப் பூணூல் மாதிரி தோளில் மாட்டிக்கொண்டே திரிவதால் சக ஆசிரியர்கள் சூட்டிய பட்டம். சில வருஷத்துக்கு முன்னால்வரை அவரும் சட்டையில் சாக்பீஸ் தூளோடு வீட்டுக்குப் போன மனிதர்தான். ஒருநாள், ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் முகநூல் குழு ஒன்றில் சேர்ந்து, மிதத்தல் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவே மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. முகம் தெரியாத யாரோ ஒரு டீச்சர் இந்த ஐஸ் கட்டி யோசனையைச் சொன்னார். இவர் செய்து பார்த்தார், பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள், அதைப் படம்பிடித்துப் போட்டார். கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. அன்றோடு அவர் கேட்பது நின்றது, காட்டுவது ஆரம்பித்தது.

நான் போனபோது லேபில் படப்பிடிப்பு. "ஒரு நிமிஷம் அண்ணே, கோரஸ் மட்டும் முடிச்சுடறேன்" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "எங்க, எல்லாரும் சேர்ந்து! தண்ணி என்ன ஆகும்?"

"வழியும் சார்!"

"கடைசி பெஞ்சு லேட்டு. திருப்பிச் சொல்லுங்க."

"வழியும் சார்!"

இது பழைய பாடத்தின் மெருகேற்றிய பதிப்பாம். இவருடைய முறைக்குப் பெயர் 'தவறிலிருந்து கற்றல்'. முதலில் ஒரு பெண் தப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பு ஆமோதிக்க வேண்டும். இவர் திட்டாமல் புன்னகைக்க வேண்டும். பிறகு ஐஸ் உருகி, அந்தப் பெண் கண்ணை அகல விரித்து "அடடா!" என்க வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் 'அடடா'வை முதலிலேயே எடுத்துவைத்துவிடுவார். உருகிய டம்ளரை வீட்டில் எடுப்பார். சரியான பதிலையும் விளக்கத்தையும் அங்கேயே, சத்தம் விழாமல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கனிந்த குரலில் பேசி ஒட்டிவிடுவார். ஆக, தண்ணீர் வழியாது என்பது நாடெங்கும் உள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். அவருடைய வகுப்புக்கு மட்டும் தெரியாது.

ஒரே ஒருத்திக்குத் தெரியும். அந்த 'அடடா' பெண்ணுக்கு.

தையற்கடைக்காரரின் மகள் அவள். வகுப்பிலேயே சூட்டிகை. முதல் நாள் கேட்டவுடனேயே "வழியாது சார்" என்று சொல்லியிருக்கிறாள். "சரியா சொன்னா வீடியோ முடிஞ்சுபோச்சே கண்ணு! தப்பா சொல்லு, அழகா சொல்லு" என்றிருக்கிறார் இவர். அழகாகத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல அழகு கூடியது.

பள்ளிகளுக்கு இடையிலான அறிவியல் போட்டிக்கு இந்தப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு இடம். இந்தத் தேர்வில் முதலில் வருபவருக்குத்தான் அது. அதைச் சரியாக எழுதிய வேறு பிரிவுப் பையன் ஒருவனிடம், அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு அது போய்விட்டது.

"நீயும் ஏம்மா அப்படி எழுதினே?" என்று தையற்கடையில் வைத்துக் கேட்டேன்.

"முதல்ல சரியாத்தான் எழுதினேன் அங்கிள். அப்புறம் அடிச்சிட்டு மாத்திட்டேன். சார் திருத்துற பேப்பர் ஆச்சே. அவருக்கு இதானே புடிக்கும்?"

மெஷினிலிருந்து தலை தூக்காமல் அம்மா சொன்னார்: "தெருவுல போனா 'ஏய் வழியும்'னு கூப்பிடுதுங்க. என் நாத்தனார் போன் பண்ணி, பொண்ணுக்கு டியூஷன் வைக்கக்கூடாதான்னு கேக்குறா. யார் பொண்ணுக்கு? எம் பொண்ணுக்கு!"

தலைமையாசிரியையிடம் போனேன். அவரும் அந்த வீடியோவின் ரசிகை. "பாவம், அந்தப் பொண்ணு வீடியோவுலயே தப்பாதானே சார் சொல்லுது? போட்டிக்கு எப்படி அனுப்புறது?" என்றார். கண்ணால் பார்த்ததை நம்புகிறவர்.

மறுபடி ஒளிவட்டத்திடம்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தானே எழுதியிருக்காங்க. மார்க் போடலாமே?"

"விடைக்குறிப்புல வழியாதுன்னு இருக்கே அண்ணே. நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அந்தப் பொண்ணுக்காவது..."

கொஞ்சம் சங்கடப்பட்டார். அதை மறைக்கமாட்டேன். "அவளை வெச்சே ஒரு சரியான பதில் எடுத்துப் போட்டுடறேன் அண்ணே. மேடம்கிட்டயும் சொல்லிடறேன். இது என் கடன்." குரல் கனிந்திருந்தது, விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உழைப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் ஃபிளாஸ்கில் ஐஸ் சுமந்து வருகிறார். அவர் வீடியோவைப் பார்த்துத்தான் இந்த வயதில் எனக்கே மிதத்தல் விளங்கியது. "அருமை தோழரே, நாளை என் வகுப்பிலும் செய்கிறேன்" என்று வெளியூர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். சொன்னபடியே செய்கிறார்கள். செய்து, படம்பிடித்து, போடுகிறார்கள். அவற்றையும் பார்த்தேன். வேறு சுவர், வேறு சீருடை, வேறு சிறுமி. "வழியும் சார்." இத்தனை படித்தவர்கள் கூடிக் கைதட்டும் இடத்தில், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்னவோ.

வீடியோ வந்தது. அந்தப் பெண் அதில் இல்லை. ஒளிவட்டம் தனியாக உட்கார்ந்திருந்தார், கண்ணில் ஈரம், ஈரத்தில் வட்ட விளக்கு. தலைப்பு: 'என் வகுப்பே தவறியபோது நான் கற்றது.' இதுவரை வந்த கைதட்டலெல்லாம் இதற்கு முன் தூசு. அடுத்த ஆசிரியர் மாநாட்டில் பேச அழைப்பும் வந்துவிட்டது. தலைப்பு பழையதுதான்: தவறிலிருந்து கற்றல். தலைமையாசிரியையும் இதயம் போட்டிருந்தார். போட்டிக்கு அந்த வேறு பிரிவுப் பையன் போய்வந்துவிட்டான்.

பேன்ட் இடுப்பைப் பிரிக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது அந்தப் பெண் பொத்தான் டப்பாவிலிருந்து நிமிர்ந்தாள்.

"அங்கிள், சார் ஒரு சரியான பதில் பாக்கி வெச்சிருக்காரே, ஞாபகப்படுத்துனீங்களா?"

அங்கேயே நின்று போன் போட்டேன்.

"அடடா!" என்றார். நல்ல 'அடடா'. ஒரே டேக்கில் வந்தது. "கண்டிப்பா அண்ணே. லைட்டுல சார்ஜே நிக்கமாட்டேங்குது. சரியானதும் முதல் வேலை அதான்."

அவளிடம் சொன்னேன்.

"பதில் சொல்ல லைட் எதுக்கு அங்கிள்?" என்று கேட்டுவிட்டு, என் பேன்டுக்குப் பொருந்துகிற பொத்தானைத் தேடத் தொடங்கினாள்.