சூடு காணாத கூடு

சுட்டு முடித்ததும் வெர்னா இலக்கைப் பார்க்கமாட்டாள். துப்பாக்கி துப்பிய தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, சூடு ஆறுமுன் மோவாயில் ஒற்றிக்கொள்வாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்தப் பெரிய கைக்குள் அது காணாமலே போய்விடும். பிறகு ஊதித் துடைத்து, பெட்டியில் அதன் குழியிலேயே உட்கார வைப்பாள். வேறு யாராவது தொட்டால் தொலைந்தார்கள்.

"என் துப்பாக்கியில வெந்தது, என் துப்பாக்கிக்குத்தான் பொருந்தும். கைய எடு!"

அமெரிக்காவின் மொன்டானாவில் தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதுக் கூட்டை ஒரு தடவையாவது சுட்டுப் பழக்காமல் வெர்னா போட்டிக்குக் கொண்டுபோனதே கிடையாது.

"புதுசு தொளதொளன்னு இருக்கும், டெல்மர். அத உப்ப வைக்கவே வெடிமருந்து கொஞ்சம் தெம்பச் செலவழிச்சிடும். குண்டு சோம்பிப்போய்த்தான் கிளம்பும்."

கணவர் டெல்மர் தலையாட்டுவார். காதில் ஏறியிருந்தால் அந்தக் கூத்தைச் செய்திருப்பாரா? அவள் பிறந்தநாளுக்கென்று, கறுத்துப்போன கூடுகளைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு, புதியவை வாங்கி, அவள் அளவுப்படியே மருந்தும் குண்டும் அடைத்து அவளுடைய இரண்டாவது பெட்டியை நிரப்பிவிட்டார், மகராசன்.

அன்றைய போட்டியில், மாநிலத் துப்பாக்கி சுடும் அணிக்கு ஒரே ஓர் இடம் மிச்சம். வருஷா வருஷம் ஒரு புள்ளியில் அவள் கைநழுவவிட்ட இடம். ஆயிரம் கஜத்தில் வெர்னாவும் அவளோடு போட்டியிட்ட கிளைடும் சமமாக நின்றார்கள். இனி ஆளுக்கு ஒரே சூடு, நடுவுக்கு நெருங்கியவருக்கே இடம். கிளைட் உள்வளையத்துக்குள் போட்டுவிட்டு எழுந்தான். முதல் பெட்டி காலியாகியிருந்ததால் வெர்னா இரண்டாவதைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று மின்னியது.

"பிறந்தநாள் பரிசு!" என்றார் டெல்மர். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு செத்துப்போனது.

கிளைட் எட்டிப் பார்த்தான். "பொண்டாட்டிய நல்லா கவுத்தய்யா! குண்டு ஒரு சாண் கீழ விழும். ஒண்ணரையோ என்னமோ, யார் கண்டா?"

டெல்மர் அவள் பக்கம் குனிந்தார். "வெர்னா, தெரியாமப் பண்ணிட்டேன்..."

"சும்மா இரு மனுஷா. காத்தப் பார்க்கணும்."

ஒரு தோட்டாவை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினாள். எத்தனை புதுக் கூடுகளை இதே புல்வெளியில் பழக்கியவள்! ஒவ்வொன்றின் முதல் குண்டும் எங்கே போய் விழும் என்பது அவள் உடம்புக்கே தெரியும் போலிருக்கிறது. குண்டு அந்த அளவுக்கு மேலேறட்டும் என்று துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகைத் திருப்பினாள். டக், டக், டக், டக். யோசித்தாள். ஒன்றைக் குறைத்தாள். படுத்தாள். சுட்டாள்.

குண்டு பட்ட இடத்தைக் குறிக்க, இலக்குப் பலகை அங்கிருந்த குழிக்குள் இறங்கியது. பலகை மறுபடி ஏறி வந்தபோது, அதைக் காட்டும் வெள்ளை வில்லை நட்ட நடுவில் இருந்தது.

"அடேயப்பா!" கிளைட் தொப்பியைக் கழற்றினான். "இவ என்ன பிறவிய்யா!"

இத்தனை வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல டெல்மர் நின்றார். மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வெர்னா பலகையின் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டைப் பொறுக்கி, மோவாயில் ஒற்றினாள். ஆனால் பெட்டியில் வைக்கவில்லை. டெல்மரின் சட்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கூடு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.